ஏழாவது வாரம்

அந்தத் தொடரில் நடித்தது என் முதுகு.
முகம் கோலாலம்பூரிலிருந்து வந்த கீர்த்தனாவுடையது.
துப்பறியும் மாயா, படிவம் நான்கு மாணவி,
ஆலைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து குதிக்கையில்
ஒரு நொடி தெரியுமே முழங்கை,
இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்போடு,
அது நான்.

மெத்தை போட்டு மேலே செம்பனை ஓலை பரப்பியிருந்தார்கள்.
முள்ளை ஒருத்தரும் சீவவில்லை.
ஒரு குதிப்புக்கு ஐம்பது வெள்ளி.
மூன்று முறை குதித்தேன்.
மூன்றாவது அவர்களுக்குத் தேவைப்படவில்லை,
எனக்குத்தான்.

'ஏழாவது லயம்' என்று பெயர்.
எங்கள் தோட்டத்தில் இருந்தவை ஆறு.
ஏழாவதை இயக்குநர் ஆற்றுக்கு அந்தப் பக்கம்
புகையால் கட்டினார்.
பகாவ் சுகாதார இலாகாவில்
கொசுவுக்குப் புகையடிக்கும் ஆளை
அரை நாள் வாடகைக்குப் பிடித்து.
பேய் வருமுன்னே மருந்து நெடி வரும்.
கீர்த்தனா இருமுவாள். கட்.

கிராணி காணாமல் போய்விட்டார், சாவிக்கொத்தோடு.
ஆபீஸ் இரும்புப்பெட்டியில் என்னவோ இருக்கிறது.
புகைக்குள் ஒருவன் நடக்கிறான்.
அவன் சப்பாத்து மட்டும் வரும்,
இடது கால் கொஞ்சம் இழுத்தபடி.
கதை அவ்வளவுதான்.
அதற்கே வியாழன் இரவு எட்டரைக்கு
லிம் காப்பிக்கடையில் நாற்காலி கிடைக்காது.

சப்பாத்துக்காரன் கிராணியேதான் என்றது மூன்றாம் லயம்.
இல்லை, ஆலை மேனேஜர்.
மலாய் எழுத்தை வைத்துக் கதை பிடித்த லிம் மட்டும்
வாத்தியார்தான் என்றார்,
"ரொம்ப நல்லவனாக இருக்கிறான், பார்."
நாலு வெள்ளி, ஐந்து வெள்ளி எனப் பந்தயம் ஏறி
பணம் ஒரு மைலோ டின்னில் கிடந்தது.

ஆறாவது வாரம்
மாயா புகைக்குள் ஓடி
அவன் தோளைப் பிடிக்கிறாள்.
(கை என்னுடையது.)
அவன் திரும்பத் தொடங்குகிறான்.
காது தெரிகிறது.
தொடரும்.

ஏழாவது வாரம் எட்டரைக்கு
ஓர் அம்மாள் புட்டு அவித்தார்.
யாரோ அலைவரிசையை மாற்றிவிட்டதாக நினைத்தோம்.
எவரும் எழுந்திருக்கவில்லை.
புட்டு வெந்து, தட்டில் கொட்டி,
தேங்காய்ப்பூ தூவும்வரை
முழு காப்பிக்கடையும் பார்த்துக்கொண்டிருந்தது.
விளம்பரதாரர் விலகிவிட்டாராம்.
டின்னை லிம் திறக்கவே இல்லை,
கடையை விற்றபோது கூடவே போயிருக்கும்.

பத்தொன்பது வருடம் ஆகிறது.
கிளினிக்கில் காயங்களுக்குக் கட்டுப் போடுகிறேன்.
போன வாரம் ஒரு சர்க்கரைப் புண்,
லோரி அந்தோணிசாமி, அறுபத்திரண்டு வயது.
கதவிலிருந்து கட்டிலுக்கு அவர் வந்த எட்டு அடியில்
நான்காவது அடியிலேயே தெரிந்துவிட்டது எனக்கு.

சீழைத் துடைத்தபடி கேட்டேன்,
"அண்ணே, நீங்க யாரு?"
கேள்வி புரிந்து சிரித்தார்.

"யாருக்குத் தெரியும்மா?
நடன்னாங்க, நடந்தேன்.
அடுத்த வாரம் மூஞ்சி வரும்னாங்க.
பட்டணத்துக்குப் போயி மீசைய ஒதுக்கி
பல்லுகூடத் தேய்ச்சு வெள்ளையாக்கிக்கிட்டேன்,
நூத்திருபது வெள்ளி.
வீட்டுல சண்டை."

கெட்டவனா, நல்லவனா என்றாவது
கேட்கவில்லையா?

"அதக் கேட்டா
வேற ஆளப் போட்டுருவாங்கன்னு பயம்."

குதிகாலில் இன்னொரு புண் இருந்தது.
திரும்பிப் படுங்கள் என்றேன்.
சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.
நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.
மெதுவாக, கட்டில் கிறீச்சிட,
திரும்பினார்,
முகம் தலையணைக்குள்.

மஞ்சள் மருந்து, பஞ்சு, துணி.
அடுத்த கட்டு வியாழக்கிழமை என்று
அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.